21 நாள் கணக்கைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள், ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான், அதனால் குறை சொல்லும் உரிமையும் கொஞ்சம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். கடந்த சில மாதங்களில் '21 நாளில் உடம்பு இளைக்க', '21 நாளில் ஆன்லைன் வியாபாரம் பெருக', '21 நாளில் கூச்சம் போக' என்று மூன்று கட்டுரைகள் போட்டுவிட்டீர்கள். மூன்றையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஏனென்றால் மூன்றுமே எனக்கு வேண்டியவை. வீட்டிலிருந்தபடி துணிப்பை தைத்து இணையத்தில் விற்கிறேன். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது, ஆர்டர் ஒரு மாதம் வந்தால் மறுமாதம் வருவதில்லை, முன்பின் தெரியாத ஒருவரோடு போனில் பேசு என்றால் தொண்டை வறண்டுவிடும்.

சரி, 21 நாள்தானே என்று இறங்கினேன். ஒன்பதாம் நாள் பையனுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விட்டுப்போனது. கட்டுரையில் சொன்னபடி மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்தேன், அந்தத் தடவை பதினான்கு வரை போய், விடிய விடியத் தைக்க வேண்டிய ஒரு பெரிய ஆர்டரில் அதுவும் போச்சு. மூன்றாவது தடவை தொடங்கவே மனசு வரவில்லை. என்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது என்ற எண்ணம்தான் மிச்சம்.

அப்புறம்தான் இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் புது முகம் பழகுவதற்கு நோயாளிக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருக்கிறார். மூக்கைச் சரிசெய்துகொண்டவர் கண்ணாடி பார்த்துப் பழகுகிற கணக்கு! அதில் இருந்த 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துபோய், என் இடுப்பு வலி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நிஜமாகவே அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள் என்றால் இன்னொருவருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, உடற்பயிற்சிக்கு அதைவிட நாளாகிறது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லையாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையே இல்லை. இதை உங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் எனக்கு அரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்கிற கதையும் இதே ரகம்தான். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு 'மான்போ கெய்' என்று பெயர் வைத்தார்கள், பத்தாயிரம் காலடி எண்ணும் மீட்டர் என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வைத்த பெயர் வைத்தியம் ஆகிவிட்டது. சராசரியாக 72 வயதுள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது, 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 2020 வழிகாட்டியில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் எழுந்து நடந்தாலும் அது நடைதான்.

இதையெல்லாம் படித்த பிறகு நான் செய்தது ஒரே ஒரு காரியம். காலையில் தைக்க உட்காருவதற்கு முன், பை வாங்கிய யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே பேசுவேன். கூப்பிடலாமா என்று முதல் நாளே மெசேஜில் கேட்டுவிடுவேன், திடுதிப்பென்று அழைத்தால் யாருக்குப் பிடிக்கும்? ஒரு நாளைக்கு ஒருவர், அவ்வளவுதான். எந்த நாளிலிருந்து என்று காலண்டரில் குறிக்கவில்லை, விட்ட நாளையும் எண்ணவில்லை.

முதல் வாரம் என் குரல் எனக்கே நடுங்கிக் கேட்டது. எல்லாரும் நம்மையே கவனிக்கிறார்கள் என்று தோன்றும் அல்லவா, அதையும் சோதித்திருக்கிறார்கள்: 2000இல் வெளியான ஓர் ஆய்வில், தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியர் மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட டீ-சர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பினார். ஏறக்குறைய பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். என் நடுக்கத்தையும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் பாதிக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அவர்கள் பை.

வியாபாரத்துக்குக் கிடைத்ததுதான் அதிகம். அதற்கு முன்னால் தினமும் ஒரு ரீல்ஸ் போட்டுப் பின்தொடர்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை ஏறியது, பை விற்கவில்லை. போனில் பேச ஆரம்பித்தபோது நாலைந்து பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "படத்தில் பார்த்தப்போ பெரிசா தெரிஞ்சுது, கைக்கு வந்தா சின்னதா இருக்கு." அளவைச் சென்டிமீட்டரில் போட்டுத்தான் இருந்தேன், யார் டேப் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்? பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் நோட்டும் வைத்து, ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டேன். திரும்பி வரும் பைகள் குறைந்தன. துவைத்தால் சாயம் போகுமா, லேப்டாப் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொருள் விவரத்திலேயே பதில் எழுதினேன், பதில் வருவதற்குள் வேறு கடைக்குப் போய்விடுகிறவர்கள் இப்போது கொஞ்சம் நிற்கிறார்கள். இன்னொன்று, வாங்கியவர்களின் எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. கடையை முழுக்க இன்னொருவர் திண்ணையில் விரித்தால் அவர் கதவைச் சாத்தும்போது நாமும் சேர்ந்து சாத்த வேண்டியதுதான்.

இடுப்பு? முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். எழுந்து நடக்கிற நாளில் குறைவாக இருக்கிறது.

ஆகவே ஆசிரியரே, நாள் கணக்குப் போட்டுத் தலைப்பு வைப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். விற்பனைக்கு நல்ல தலைப்புதான், வியாபாரம் செய்கிறவளுக்கு அது புரியாமலா? ஆனால் ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீடுகள் உங்கள் வாசகர்களிலும் நிறைய இருக்கும். எண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்றால் யார் சொன்னது, யாரை வைத்து அளந்தது என்று ஒரு வரி சேருங்கள். விட்ட நாளைப் பற்றியும் ஒரு வரி.

உட்கார்ந்து எழுதி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, எழுந்திருக்க வேண்டும். இன்று பேச வேண்டியவர் ஜிப் இரண்டே வாரத்தில் பிய்ந்துவிட்டது என்று கோபமாக எழுதியிருந்தவர். இன்னும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி