உங்கள் நாவலில் வரும் யூதருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேண்டும்

வரலாற்று நாவல் எழுதும் தமிழ் எழுத்தாளர்களுக்கும், அவற்றைப் பதிப்பிப்பவர்களுக்கும் வணக்கம்.

சேரர் துறைமுகமோ சோழர் கடலோ பின்னணியாக இருக்கும் கதையில் ஒரு யூத வணிகர் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் நான் வாசித்த அளவில் அவர் நீண்ட தாடியும் பணப்பையுமாக வந்து, கடன் கொடுத்துவிட்டோ ரகசியம் சொல்லிவிட்டோ போய்விடுகிறார். அவர் எதை நம்பினார், அந்த நம்பிக்கை அவருடைய நாளை எப்படி ஆண்டது என்பது எழுதப்படுவதே இல்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததும் அவருக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும். மறுநாள் இரவு விண்மீன் தெரியும்வரை கொடுக்கல் வாங்கல் இல்லை, தீ மூட்டக்கூடாது, எழுதவும் கூடாது. மிளகு ஏற்ற வேண்டிய கப்பல் சனிக்கிழமை காலை பாய் விரிக்கப்போகிறது என்றால் அவர் என்ன செய்வார்? உள்ளூர் நண்பர் வீட்டு விருந்தில் இறைச்சி பரிமாறுகிறார்கள். தன் முறைப்படி அறுக்காததை அவர் தொடமாட்டார். நண்பர் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வார்? சபையாகக் கூடித் தொழ வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தத் துறைமுகத்தில் நான்கு பேர்தான் இருந்தால் அந்தத் தனிமை எப்படி இருக்கும்? கதை இங்கேதான் இருக்கிறது.

அப்புறம், யூதப் பாத்திரம் வாய் திறந்தாலே 'யெகோவாவே' என்று கூவவைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். அது நமக்குக் கிறிஸ்தவ வேதாகமத்தின் வழியாக வந்த பழக்கம். பக்தியுள்ள யூதர் அந்த நாமத்தை உச்சரிக்கமாட்டார். தொழுகையிலும் 'அதோனாய்' (என் ஆண்டவர்) என்றே சொல்வார். அந்த நாமம் எழுதப்பட்ட ஏட்டை அழிக்கவும் கூடாது. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இப்படி அழிக்காமல் ஓர் அறையில் போட்டுவைத்த காகிதங்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தன. எபிரேய எழுத்தில் இருந்த சாதாரண வணிகக் கடிதங்களும் அவற்றோடு தப்பின. இந்தியாவோடு வணிகம் செய்த யூதர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது என்றால் அதற்கு அந்த பக்தியே காரணம்.

அந்தக் கடிதங்களில் ஒரு முழு மனிதரே கிடைக்கிறார். துனிசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு 12-ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் ஏறக்குறைய 17 ஆண்டுகள் வாழ்ந்தார். பித்தளைப் பட்டறை நடத்தினார். உடைந்த பாத்திரங்களை யேமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து அனுப்பி, உருக்கிப் புதிதாகச் செய்துதரக் கேட்டிருக்கிறார்கள். 1132-ல் மங்களூரில் அஷு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்து, யூதச் சட்டப்படி ஆவணம் எழுதினார். அவருடைய பிள்ளைகளின் தாய் அவளே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தியாவை விட்டுப் போன பிறகு, தன் மகளை ஏடன் வணிகர் வீட்டுக்குக் கொடுக்காமல், போரில் எல்லாம் இழந்து நின்ற தன் சகோதரரின் மகனுக்கே கொடுக்க விரும்பினார். இதில் வட்டிக்காரர் எங்கே இருக்கிறார்? சட்டத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு தகப்பன்தான் எனக்குத் தெரிகிறார். அஷுவின் குரலில் மட்டும் ஒரு கடிதமும் இல்லை. புனைகதை நுழைய வேண்டிய இடம் அது.

கோவாவை எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போர்ச்சுகலில் 1497-ல் யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்படி மதம் மாற்றப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் கோவாவிலும் இருந்தார்கள். மருத்துவர் கார்சியா ட ஓர்டா, இந்திய மூலிகைகளைப் பற்றிய தன் நூலை 1563-ல் அங்கேதான் அச்சிட்டார். 1568-ல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனாவை, ரகசியமாக யூத நம்பிக்கையைக் கடைப்பிடித்த குற்றத்துக்காக, கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் தீர்ப்பின்படி எரித்தார்கள். 1580-ல் அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். இப்படிப்பட்டவர்கள் வீட்டில் நம்பிக்கை எப்படி வாழ்ந்திருக்கும்? சனிக்கிழமையில் சுத்தமான துணி உடுத்துவதும், அன்று அடுப்புப் புகை எழாததும், பன்றிக்கொழுப்பைத் தவிர்ப்பதும் விசாரணையாளர்கள் தேடிய அடையாளங்கள். சமையலும் துணியும் பெண்கள் கையில் இருந்ததால் ஆபத்தும் அவர்கள் தலையில்தான். இந்த வீட்டை எழுதும்போது ரகசிய நிலவறையும் கள்ளச் சாவியும் தேவையே இல்லை. சனிக்கிழமை அடுப்பு ஒன்றே போதுமான பயத்தைத் தரும்.

ஆனால் யூதர் என்றாலே துயரம் என்றும் எழுதிவிடாதீர்கள். 11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், முயிரிக்கோட்டில் இருந்த சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையையும் 72 உரிமைகளையும் கொடுத்தான். பல்லக்கும் குடையும் அவற்றில் உண்டு. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணங்களில் மலையாளத்தில் பாடினார்கள். அந்தப் பாட்டுகளைக் கையெழுத்து ஏடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அவர்கள் பேச்சில் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழிச் சொற்களைத் திணிப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

அந்தச் சமூகத்துக்குள் இருந்த சண்டையையும் மறைக்காதீர்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய 'பரதேசி' (வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்) தொழுகைக்கூடத்தில், அடிமை வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்கள் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடியவில்லை. அந்த ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், 20-ஆம் நூற்றாண்டில் அங்கேயே சத்தியாகிரகம் செய்தார். யூத வேதமான தோராவை நேசித்ததால்தான் அவர் அந்த இடத்தை விட்டுப் போகாமல் போராடினார் என்று நான் நினைக்கிறேன். நம்பிக்கையும் கோபமும் ஒரே மனிதரிடம் இப்படிச் சேர்ந்திருப்பதை எழுத நம் மொழிக்கு எல்லா வலுவும் இருக்கிறது.

பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வெட்டுத் தேதியைச் சரிபார்க்க ஆள் வைக்கிறீர்கள். யூதப் பாத்திரம் வரும் கைப்பிரதியை, அந்த நம்பிக்கையோடு வாழும் ஒருவரிடம் அச்சுக்கு முன் வாசிக்கக் கொடுங்கள். கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், மும்பையில் பெனே இஸ்ரேல் என்ற யூதச் சமூகத்தின் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் திருத்திக் கொடுப்பதைப் பதிப்பித்து, அவர்கள் பெயரையும் நன்றியுரையில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்