பிரளயத்துக்கு முந்தைய சொல்

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடி ஏறி இறங்குகிறாள். 'ஆன்டிடிலூவியன்' என்றால் என்ன என்று நீ போனில் கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ இன்னும் நோட்டில் கையால் குறிப்பெடுப்பதைப் பார்த்து உன் சீனியர் அப்படிச் சொன்னாராம். அரதப் பழசு என்று பொருள். லத்தீனில் 'ஆன்டே' என்றால் முன், 'டிலூவியம்' என்றால் வெள்ளம். நோவா பேழை கட்டினாரே, அந்த ஜலப்பிரளயத்துக்கு முந்தையது என்று அர்த்தம். இங்கிலாந்தின் நாரிச் நகரத்து மருத்துவர் தாமஸ் பிரௌன் 1646-ல் உருவாக்கிய சொல் இது. மக்களிடம் உலவிய தவறான நம்பிக்கைகளை எடுத்துச் சோதித்துப் பார்க்கும் நூல் ஒன்றை அவர் எழுதினார், அதில் வருகிறது. எலக்ட்ரிசிட்டி என்ற சொல்லும் அதே நூலில் இருக்கிறது.

பிரௌனுக்கு இது கேலிச் சொல் அல்ல. நாம் 'சுதந்திரத்துக்கு முன்' என்கிறோமே, அப்படி ஒரு காலக்குறிப்பு. 969 வயது வாழ்ந்ததாக பைபிள் சொல்லும் மெத்தூசலா அந்தக் காலத்தவர். அன்றைய ஐரோப்பாவில் படித்தவர்களுக்குப் பிரளயம் நடந்த வரலாறு. மலையில் சிப்பி கிடைத்தால் அந்த வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்று நம்பினார்கள்.

சூரிச் மருத்துவர் யோஹான் ஷாய்க்சர் கதையை உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில், ஏனிங்கன் கல்குவாரியில் கிடைத்த ஒரு பலகைக் கல்லில் மண்டையோடும் முதுகெலும்பும் பதிந்திருந்தன. பிரளயத்தில் மூழ்கிச் செத்த மனிதன் என்று முடிவு செய்து, 1726-ல் படத்தோடு வெளியிட்டார். 'பிரளயத்தைக் கண்ட மனிதன்' என்று பெயரும் வைத்தார். அந்தக் கல் பிறகு நெதர்லாந்தின் ஹார்லெம் நகருக்கு வந்தது. 1811-ல் பாரிஸிலிருந்து விலங்கியல் அறிஞர் கூவியே அங்கே வந்து, அனுமதி வாங்கிக்கொண்டு, மூடியிருந்த கல்லை மெல்லக் கொத்தி எடுத்தார். முன்னங்கால்கள் வெளிப்பட்டன. மனிதன் இல்லை, ராட்சத சாலமாண்டர்! பல்லி போல் தெரியும், ஆனால் தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும் வகை. சீனாவிலும் ஜப்பானிலும் இன்றும் அதன் உறவுகள் ஆற்றில் வாழ்கின்றன. கல்லின் வயதோ ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஷாய்க்சரைப் பலரும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். எனக்கு அது பிடிக்காது. மலை மலையாக ஏறிப் புதைபடிவங்களைச் சேகரித்தவர் அவர். கிடைத்ததைப் படமாக அச்சிட்டு எல்லோர் முன்னும் வைத்தார். அப்படி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் திருத்த முடிந்தது. அந்த சாலமாண்டரின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது, ஆண்ட்ரியாஸ் ஷாய்க்சரி. யாரோ மரியாதை தெரிந்தவர் வைத்திருக்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லண்டும் இப்படித்தான். யார்க்ஷயரின் கிர்க்டேல் குகையில் கிடைத்த கழுதைப்புலி எலும்புகளை ஆராய்ந்து, பிரளயத்துக்குச் சான்று என்று 1823-ல் புத்தகம் போட்டார். பிற்பாடு அந்த முடிவைத் தானே கைவிட்டார். 1840-ல் பனிப்பாறைகளை ஆராய்ந்த லூயி அகாசியோடு ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்த்து, வெள்ளம் செய்தது என்று நினைத்திருந்த பலவும் பனிப்பாறைகள் செய்தவை என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் நிலவியலுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. பழசு என்று இடித்துரைக்கும் பொருள் மட்டும் மிஞ்சியது.

நீ நோட்டில் எழுதுவதை விடாதே. பக்கத்துக்குத் தேதி போடு, தப்பானதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடு.

நீ இருக்கும் லைடனிலிருந்து ஹார்லெம் பக்கம்தானே, ரயிலில் கொஞ்ச நேரம். 1784-ல் திறந்த டெய்லர்ஸ் மியூசியம் அங்கே இருக்கிறது, அந்த நாட்டிலேயே பழைய மியூசியம். அந்தக் கல் அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, முன்னங்கால் பக்கம் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா