அக்காவின் கட்டைவிரல்

அக்கா,

இன்று டிசம்பர் 31, உன் பிறந்த நாள். போனில் வாழ்த்துச் சொல்லியாயிற்று. மிச்சம் இங்கே. நம் ஆட்களும் படிப்பார்கள் என்பதால் சிலருடைய உறவுமுறையைக்கூடச் சொல்லாமல் விடுகிறேன். உனக்குப் புரியும்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. 1625-இல் இதே டிசம்பர் 31 அன்று, ரோமில், பியேர் துமோன்ஸ்தியே என்ற பாரிஸ்காரர் வரைந்தது. ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கியின் வலது கை. முகம் கிடையாது, தூரிகை பிடித்த கை மட்டும். விடியல் தேவதை அவுரோராவின் கைகளை அழகுக்காகப் புகழ்வார்கள், இந்தக் கையை அதைவிட ஆயிரம் மடங்கு புகழ வேண்டும், இது அதிசயங்கள் செய்யத் தெரிந்த கை என்று தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறார். அழகான கை என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, பார்.

எனக்கு உன் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. உன்னைப் பார்க்க வந்தவர்கள் சுவரில் இருந்த கிணற்றடிப் படத்தைக் காட்டி, "யார் வரைஞ்சது?" என்றார்கள். "சின்னவ" என்றது ஒரு குரல். காபித் தட்டோடு நின்ற நீ, நகக்கண்ணில் நீலம் போகாத விரலைத் தட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாய். நான் தலையாட்டினேன்.

பதினாலு வயசு எனக்கு. பெரியவர்கள் பேச்சை மறுக்கிற வீடா அது? நீயும்தான் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி பிரஷ்களை எல்லாம் என் பெட்டியில் போட்டு, "நீயே வச்சுக்கோ" என்றாய். அதை இத்தனை வருஷம் என்னைச் சுமக்க வைத்தாயே, அது நியாயமா?

கலைகளையும் குணங்களையும் மனித உருவமாக எப்படிக் காட்டுவது என்று சொல்லும் பழைய இத்தாலியப் புத்தகம், சேசரே ரிப்பாவின் 'இகோனோலோகியா'. அதில் ஓவியக்கலை ஒரு பெண். கழுத்தில் முகமூடி கோத்த தங்கச் சங்கிலி, வாயில் கட்டிய துணி. ஆர்ட்டமீசியா தன்னையே அந்தப் பெண்ணாக வரைந்தபோது சங்கிலியைப் போட்டுக்கொண்டாள். துணியைக் கட்டிக்கொள்ளவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று. அவர்கள் போனபிறகு படத்தின் கீழ்மூலையில் என் பெயரை எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. படத்தின் மரச்சட்டம் அதை மறைத்துவிட்டது. நேற்றுதான் பிரித்தேன். மன்னித்துவிடு அக்கா.

பொங்கலுக்குப் படத்தை எடுத்து வருகிறேன். பெயரை அழிக்கவில்லை, நீ பார்க்க வேண்டும். உன் சின்னப் பிரஷ் ஒன்று இன்னும் மயிர் கொட்டாமல் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன்.