எழுந்து நடக்கச் சொல்கிறீர்கள், எப்படி எழுவது?

நெடுந்தூர விமானங்களில் இருக்கை அளவை முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம். இந்தத் தொழில் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் பாடம் எடுக்க வரவில்லை. ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானங்களில் எகானமி சீட்டுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள். அந்த அளவை டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

போன மாதம் அம்மாவோடு 14 மணி நேரப் பயணம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும் என்பதால் கூடுதல் பணம் கட்டி நடைபாதை ஓர சீட்டாகவே எடுத்திருந்தேன். கிளம்பும் நாளில் வேறு விமானம் போட்டார்கள், அதில் எங்கள் சீட்டுகள் மாறிப்போயின. அம்மாவுக்கு ஜன்னல் ஓரம், எனக்கு ஆறு வரிசை பின்னால் நடு சீட். கேட்டுப் பார்த்தேன், விமானம் நிரம்பிவிட்டது என்றார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. அவர்களை இடம் மாறச் சொல்லிக் கேட்க அம்மாவே விடவில்லை.

விளக்கை அணைத்ததும் முன்னால் இருந்தவர் சீட்டைச் சாய்த்தார். சாயக்கூடிய சீட்டைத்தானே கொடுத்திருக்கிறீர்கள், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவின் முழங்கால் அந்த சீட்டின் முதுகில் முட்டியபடியேதான் இருந்தது, நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விழித்துத்தான் இருந்தார். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தபோதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினார். ஏன் என்று கேட்டேன். "குடிச்சா எழுந்திருக்கணும். நான் எழுந்தா இவங்க ரெண்டு பேரும் எழுந்திருக்கணும், குழந்தை முழிச்சிக்கும்" என்றார். 14 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் எழுந்தார். இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்தார்.

அந்த சீட்டின் பையில் இருந்த உங்கள் இதழில் ஒரு பக்கம் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள் என்று படம் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல ஆலோசனைதான். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும், தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த அபாயம் சிறியதுதான், சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற கணக்கு. வயதானவர்களுக்கும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது கூடும். நீங்கள் சொன்ன அந்த இரண்டையும், தண்ணீர் குடிப்பதையும் எழுந்து நடப்பதையும், நீங்கள் கொடுத்த சீட்டே செய்யவிடவில்லை. இதைத்தான் நாங்கள் பறந்த விமான நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: எங்கள் இருக்கைகள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை, அடுத்த முறை கூடுதல் இடமுள்ள சீட்டை வாங்கிக்கொள்ளலாம். அந்த பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எந்தப் பாதுகாப்பு விதி? 90 விநாடிகளில், பாதிக் கதவுகள் வழியாக, எல்லாரும் வெளியேற முடிய வேண்டும் என்ற விதி. ஆபத்து நேரத்துக்கு அது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனித உடல் 14 மணி நேரம் அங்கே எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதைப் பற்றி அந்த விதியில் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இருக்கை அளவுக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணை வைக்கச் சொல்லி 2018-ல் சட்டமே போட்டார்கள், ஒரு வருடம் கெடுவும் கொடுத்தார்கள். 2022-ல்தான் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். உடனே அளவு வைக்க உத்தரவிடக் கோரிய மனுவை 2023-ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அரசாங்கம் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான் நேராக உங்களிடம் கேட்கிறேன்.

உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை. 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸுக்கு முழுக்கப் படுக்கையாகும் சீட்டைக் கொண்டுவந்தது. 2008-ல் எமிரேட்ஸ் ஏ380 விமானத்தில் குளியலறையே வைத்தது. 2017-ல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் சீட்டுக்குக் கதவு போட்டது. யாரும் சொகுசாகப் போகக் கூடாது என்பது என் எண்ணம் இல்லை, அதற்கான பணத்தை அவர்கள் கொடுக்கிறார்கள். அதே காலத்தில் பின்பக்கம் என்ன நடந்தது? போயிங் 777 விமானத்தில் வரிசைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்த இடத்தில் பல நிறுவனங்கள் பத்துப் பேரை உட்கார வைத்தன. 787-ல் எட்டு சீட் போட்டிருக்கலாம், கிட்டத்தட்ட எல்லாருமே ஒன்பது போட்டார்கள். அகலம் சுமார் 17 அங்குலத்தில் வந்து நிற்கிறது. தோளும் இடுப்பும் 17 அங்குலத்துக்குள் அடங்காதவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 18 மணி நேரம் நியூயார்க்குக்குப் பறக்கும் விமானத்தில் சாதாரண எகானமியே வைக்கவில்லை, மொத்தம் 161 சீட்தான். குவான்டாஸ் தன் 20 மணி நேரப் பயணங்களுக்கு வாங்கும் ஏ350 விமானத்தில் 238 பேருக்கு மட்டும் இடம், எகானமியிலும் வரிசைக்கு வரிசை 33 அங்குல இடைவெளி, எழுந்து நின்று உடம்பை நீட்ட ஒரு தனி இடம். இவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 18 மணி நேரத்துக்குத் தெரிவது 14 மணி நேரத்துக்கு ஏன் தெரியாமல் போகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் காட்டுவது படுக்கை, விற்பது பெரும்பாலும் பின்சீட்டு. சீட்டைத் தேர்ந்தெடுக்கக் காசு, பெட்டிக்குக் காசு, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்காரவும் காசு. கட்டிய பிறகு சீட் மாறிப்போனால் பணத்தைத் திருப்பி வாங்க ஆறு மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. கோபம் மேலே வருகிறது, மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

மெல்லிய சீட் போட்டதால் முழங்காலுக்கு இடம் குறையவில்லை என்று நீங்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் நீங்கள் இடைவெளி என்று சொல்லும் அங்குலத்தில் சீட்டின் முதுகுத் தடிமனும் சேர்ந்தே இருக்கிறது, அது காலுக்கான இடம் இல்லை. ஆகவே எழுதும்போது முழங்காலுக்கு எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் அந்த எண் எதற்குக் கீழே இறங்காது என்பதையும் எழுதுங்கள். நடக்கச் சிரமப்படுபவர் காசு கட்டி வாங்கிய நடைபாதை ஓர சீட்டை, விமானம் மாறினாலும் அவரிடமிருந்து எடுக்காதீர்கள். இதற்காகக் கட்டணம் கொஞ்சம் ஏறும் என்றால் எவ்வளவு என்று சொல்லுங்கள், நாங்கள் யோசித்து முடிவெடுத்துக்கொள்கிறோம்.

டிசம்பரில் அம்மா திரும்பிப் போக வேண்டும், இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. அந்த எண்ணை எழுதும் நிறுவனத்தில்தான் எடுப்பேன். தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பயணி