இன்னொரு காதும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அரசு காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டரை வயதில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (சத்தத்தை மின் துடிப்பாக மாற்றிக் கேட்கும் நரம்புக்கு அனுப்பும் மெஷின்) வைக்கும் ஆபரேஷன் நடந்தது. எங்கள் வருமானத்துக்கு அத்தனை லட்சம் கனவிலும் புரட்டியிருக்க முடியாது, அந்த நன்றி என்றைக்கும் இருக்கும். மேப்பிங் (அவளுக்கு ஏற்றபடி மெஷினைச் சரிசெய்வது), ஸ்பீச் தெரபி என்று அலைந்ததற்குப் பலனாக இன்று நன்றாகப் பேசுகிறாள், தம்பியோடு சண்டையும் போடுகிறாள். ஆனால் சத்தம் கேட்கிறதே தவிர, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிவதில்லை.

போன மாதம் ஆற்காடு சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தோம். ராங் சைடில், இடது பக்கமிருந்து ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஹாரன் கேட்டவுடனே இவள் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கே வண்டி எதுவும் இல்லை, சரி என்று காலை இறக்கிவிட்டாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். மெஷின் இருப்பது வலது காதில், அதனால் எந்தச் சத்தமும் வலது பக்கமிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறாள். மொட்டை மாடியில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடும்போதும் இதேதான். கண்ணைக் கட்டிவிட்டு நாலு பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள், இவள் வலது பக்கமே சுற்றிச் சுற்றி வருவாள். இப்போது அந்த விளையாட்டுக்கே போவதில்லை.

காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் சொல்லித்தான் காரணம் புரிந்தது. இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் சத்தம் முதலில் இடது காதுக்குப் போய், ஒரு மில்லிவிநாடிகூட ஆகாத இடைவெளியில் வலது காதுக்கு வரும். நடுவில் தலை மறைப்பதால் வலது காதுக்கு வரும் சத்தமும் குறையும். இந்த இரண்டு வித்தியாசங்களையும் வைத்துத்தான் மூளை முக்கியமாகத் திசையைக் கணக்குப் போடுகிறது. ஒரே காது என்றால் எதை எதோடு ஒப்பிடுவது?

இரண்டு காதிலும் வைத்தாலும் நம்மைப் போல அப்படியே கேட்டுவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மெஷினும் தனித்தனியாக ஓடுவதால் அந்த நுணுக்கமான நேர வித்தியாசம் சரியாகப் போய்ச் சேராது, பெரும்பாலும் சத்தத்தின் அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் வண்டி இடமா வலமா என்று தெரிய அது பெரிய உதவி, வகுப்புச் சந்தடியில் பேச்சைப் பிடிக்கவும் உதவும்.

இதில் தாமதம்தான் கொடுமை. ஒரு காதில் மட்டும் கேட்டு ஒன்றரை, இரண்டு வருடம் தாண்டிவிட்டால் மூளை அந்தக் காதுக்கே பழகிவிடுகிறது. பிறகு இரண்டாவதை வைத்தாலும் அது பின்தங்கியே நிற்கும். பிரிட்டனில் குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் வைக்கலாம் என்று 2009-லேயே பரிந்துரைத்துவிட்டார்கள். எங்களுக்கோ, இரண்டாவது காது உங்கள் சொந்தச் செலவு என்று சொல்லிவிட்டார்கள். நாலரை வருடம் ஓடிவிட்டது, இன்னும் பணம் சேரவில்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? மற்ற காதில் கொஞ்சமாவது கேட்கும் திறன் மிச்சமிருந்தால் அதில் ஹியரிங் எய்டைக் கழற்றிவிடாதீர்கள் என்று மற்ற பெற்றோருக்குச் சொல்வேன். ஆசிரியர்களும் மனது வைக்க வேண்டும். என் மகளை வகுப்பின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் மெஷின் உள்ள காது மற்ற பிள்ளைகளைப் பார்த்து இருக்கும். யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள் கையைத் தூக்கிவிட்டுப் பேசினால் போதும், முகத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள். வீட்டில் நான் வெறுமனே பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, “அம்மா சமையலறையில இருக்கேன், வா” என்றுதான் கூப்பிடுகிறேன்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வருடம் ஆபரேஷனுக்குப் போகும் குழந்தைகளுக்காவது இரண்டு காதுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு காதோடு நிற்கும் பிள்ளைகளை வயது காட்டித் தள்ளிவிடாமல், பரிசோதித்துப் பார்த்து, பலன் இருக்கும் என்றால் இரண்டாவதுக்கும் வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோடம்பாக்கம், சென்னை.