உரிமையாளரை மாற்றுவது மருந்தாகாது

ஆசிரியருக்கு,

வளரும் நாடுகளில் குடிநீர் வழங்கலைத் தனியாரிடம் ஒப்படைப்பதே தீர்வு என வாதிடும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பொது நிறுவனங்களின் மெத்தனம் பற்றி அதில் கூறியிருப்பவை உண்மைதான்; ஆனால், அதற்கான மருந்து உரிமையாளரை மாற்றுவதன்று. பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் 1999-இல் தனியாரிடம் போன குடிநீர் வழங்கல், கட்டண உயர்வை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்ததால், 2000 ஏப்ரலில் பொது நிறுவனத்திடமே திரும்பியது. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னிலோ, 1993-இல் அனுப்பிய நீரில் ஏறத்தாழ 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்த நிலையை, அரசு நிறுவனமே பழைய குழாய்களை மாற்றி, இணைப்புகளுக்கு மீட்டர் பொருத்தி, செல்வாக்குள்ளவர்களிடமும் தயங்காமல் பாக்கியை வசூலித்து, பின்னாளில் 10 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தது.

எங்கள் தெருமுனையில் பிரதான குழாயின் இணைப்பு ஒன்று, சைக்கிள் டியூப் சுற்றிய நிலையில் எட்டு மாதம் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஊழியர் இருவர் ஒரு பிற்பகலில் அதை மாற்றிய மறுநாளே, கடைசி வீட்டில் குடம் நிரம்பும் நேரம் பாதியாகக் குறைந்தது; கேட்பாரில்லாததுதான் அத்தனை மாதத் தாமதத்துக்குக் காரணம். எனவே, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கு முன், கசிவின் அளவையும் பழுதுநீக்க எடுத்துக்கொண்ட நாள்களையும் ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் மாதந்தோறும் பகுதிவாரியாக வெளியிட வேண்டுமெனச் சட்டமாக்க வேண்டும்.

— வாசகர் ஒருவர்