இரத்த நன்கொடை முகாமில் இன்னொரு மேசை போடுங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். இரத்த நன்கொடை முகாம் நடத்த நம் அமைப்புகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் மண்டபமோ சமூக மன்றமோ, தொண்டூழியர்கள் காலையிலேயே நாற்காலி போட்டு, மைலோவும் கலக்கி வைத்துவிடுவார்கள். அதே முகாமில், எலும்புக்குள்ளிருந்து இரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையை நன்கொடை தரப் பெயர் பதிய ஒரு மேசையும் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரத்தம் என்றால் சீனரும் மலாய்க்காரரும் நமக்குத் தரலாம், தருகிறார்கள். மஜ்ஜைக்கு இரத்த வகை பார்த்தால் போதாது. 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ (HLA) எனப்படும் நோயெதிர்ப்பு மரபணுக்கள் பொருந்த வேண்டும். இவற்றில் கண்டறியப்பட்ட வகைகளே 35,000க்கும் மேல். கூடப்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்துவதற்கே நாலில் ஒரு வாய்ப்புதான்.

ஏன் இத்தனை வகை? உள்ளே புகுந்த கிருமியின் துணுக்கை உயிரணுவின் மேற்பரப்பில் தூக்கிக் காட்டி வெள்ளணுக்களை உசுப்புவது எச்எல்ஏவின் வேலை. எல்லாரிடமும் ஒரே வகை இருந்தால் கிருமி அதற்கு டிமிக்கி கொடுக்கப் பழகிவிடும். அப்போது அரிய வகை வைத்திருப்பவர் பிழைப்பார். இப்படியே வகைகள் பெருகின. சில கிளைகள் மனிதனும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பே தோன்றியவை.

அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தாலோடு நம் முன்னோர் கலந்ததிலும் நோயெதிர்ப்பு மரபணுக்கள் சில வந்தன. கொவிட்டைக் கடுமையாக்கும் ஒரு துண்டு 3ஆம் குரோமோசோமில் இருப்பதையும், அது அவர்களிடமிருந்து வந்ததையும் 2020இல் மரபணு ஆய்வாளர்கள் ஹ்யூகோ செபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் காட்டினார்கள். தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது உண்டு. கிழக்காசியரிடம் அநேகமாக இல்லை. ‘நம்ம ஆளுங்களுக்கு ரசமே போதும்’ என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. சரி, அது கெட்ட மரபணுவா? அதே துண்டு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று 2022இல் தெரியவந்தது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அப்புறம் தத்தம் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கத் தொடங்கினார்கள் என்கிறது 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு. அதனால் எச்எல்ஏ வகைகளும் குழுக்குழுவாக நிற்கின்றன. சாதியை நாம் மேடையில் பேசுவதில்லை. உடம்பில் அதன் தடம் இருக்கிறது. தமிழ் நோயாளிக்குத் தமிழரிடமே பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டும் பதிந்தால் போதாது என்பது இதனால்தான். 2020 கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. அதில் தமிழர் இன்னும் குறைவு.

பதிவதற்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவினால் முடிந்தது. முதுகெலும்பில் ஊசி போடுவார்கள் என்ற பயத்தை மேசையில் இருப்பவரே போக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் மஜ்ஜையின் மூல உயிரணுக்களை, அதாவது இரத்த அணுக்களை உண்டாக்கும் உயிரணுக்களை, கை இரத்தக்குழாய் வழியாகவே எடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வீட்டில் பேசிவிட்டுப் பதியட்டும். மாற்று சிகிச்சைக்கு முன் நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நன்கொடையாளர் ‘அம்மா வேண்டாம் என்கிறார்’ என்று பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும்போதே இதற்கும் ஒரு தேதி குறித்துவிடுங்கள். மேசையில் உட்கார நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தொண்டூழியர்களில் ஒருவர்